கை நடுங்கினால் என்ன செய்வது? தாதியர் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



பொங்கல் லீவுக்கு வந்த பிள்ளை ஒன்று, லீவு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. தாதியர் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அம்மா கொழுந்து எடுக்கிறவர், அப்பா கவ்வாத்து வேலை. நாலாம் நாள் அப்பா நம்மைத் தேடி வந்தார். "ஐயா, கொழும்புல ஏதாச்சும் கடையில வேலை இருந்தா சொல்லுங்க. புள்ள படிப்பு வேணாங்குது" என்றார்.

பிள்ளையிடம் பேசிப் பார்த்தோம். பாடம் தெரியாமல் இல்லை. எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி. செயன்முறைப் பரீட்சையில் நோயாளிக்கு இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார்களாம். வார்டில் தினமும் பார்க்கிற வேலைதான். ஆனால் பக்கத்தில் ஒரு டீச்சர் பேப்பரும் பேனையுமாக நிற்கிறார், மணி அடித்துவிட்டது, கை நடுங்குகிறது, கையில் சுற்றுகிற பட்டி நழுவுகிறது. நோயாளியிடம் பேர் கேட்கக்கூட மறந்து போச்சு. "வார்டுல எத்தனையோ தடவை செஞ்சிருக்கேன் ஐயா. அன்னைக்கு என் கை என் கை மாதிரியே இல்லை" என்று அழுதது.

அப்புத்தளை, தம்பேதன்னை, தியத்தலாவை, பண்டாரவளைப் பக்கமெல்லாம் நம்முடைய பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போக ஆசைப்படுகிறார்கள். வெள்ளை உடுப்பைப் பார்த்துப் பெற்றவர்கள் பூரிக்கிறோம். இந்தப் பரீட்சை எப்படிப்பட்டது என்று மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்த முறை இதையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

இந்தப் பரீட்சையைப் பிள்ளைகள் 'ஓஸ்கி' என்பார்கள். ஒரு மண்டபத்தில் வரிசையாக மேசைகள், கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஓரிடத்தில் கை கழுவிக் காட்ட வேண்டும், இன்னோரிடத்தில் புண்ணுக்கு மருந்து கட்ட வேண்டும், வேறோரிடத்தில் மருந்துக் கணக்கு, மற்றொன்றில் நோயாளியோடு பேசுவது. சில நிமிஷம்தான் தருவார்கள். மணி அடித்தால் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். பரீட்சகர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். செய்ததற்குச் சரி, விட்டதற்குப் பிழை.

இந்த முறையை 1975இல் ஸ்கொட்லாந்தில் டண்டி என்ற ஊரில் ரொனால்ட் ஹார்டன் என்ற டொக்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்டார்கள். முதலில் மருத்துவ மாணவர்களுக்கு வந்தது, பிறகு தாதியர் படிப்புக்கும் வந்தது. அதற்கு முந்தி ஒரு மாணவருக்கு லேசான நோயாளி கிடைப்பார், இன்னொருவருக்குக் கஷ்டமான நோயாளி. ஒரு பரீட்சகர் இளகிய மனசு, இன்னொருவர் கறார். அதிர்ஷ்டத்தைப் பொறுத்துப் புள்ளி விழுந்தது. எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே பட்டியல் என்று வைத்தால் அந்த வேறுபாடு குறையும் என்பதுதான் யோசனை.

நம் பிள்ளைகள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் "எந்தத் தோட்டம், எந்த லயம்" என்று ஒரு கேள்வியும் கிடையாது. கை கழுவினாயா, பேர் கேட்டாயா, சொல்லிவிட்டுச் செய்தாயா, இவ்வளவுதான் கேட்கும். பயமுறுத்துகிற அந்தப் பேப்பர், உண்மையில் நம்மைப் போன்றவர்களுக்குச் சாதகமான பேப்பர்.

சரி, கை ஏன் நடுங்குகிறது?

பயம் வந்தால் உடம்பு அட்ரினலின் என்ற சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. நெஞ்சு படபடக்கும், வாய் வறளும், மூச்சு மேலே மேலே வாங்கும், ஒன்றுக்குப் போக வேண்டும் போல இருக்கும். விரல்களுக்குப் போகிற இரத்தம் குறைந்து கை சில்லிடும், நடுங்கும். மலையில் பாம்பைக் கண்டால் நமக்கு என்ன நடக்கிறதோ அதேதான். ஓடுவதற்கு உடம்பு தயாராகிறது. ஊசி மருந்து இழுப்பதற்கு அந்தத் தயாரிப்பு உதவாது. ஆகவே நடுக்கம் என்பது மூளைக் குறைவும் இல்லை, தைரியக் குறைவும் இல்லை.

புதிதாகப் பேர் பதிந்த பிள்ளை முதல் நாள் மலைக்கு வருவதை நினைத்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறிக்க அதற்குத் தெரியும், வீட்டுத் தோட்டத்தில் பறித்திருக்கும். ஆனால் கங்காணி பின்னால் வந்து நின்றால் விரல் தடுமாறும், முத்தல் இலையெல்லாம் கூடைக்குள் போகும். ஒரு மாதம் கழித்து அதே கங்காணி நின்றாலும் அது பாட்டுக்குப் பறித்துக்கொண்டே பக்கத்து நிரையோடு கதைக்கும். கங்காணி மாறவில்லை. ஆள் பார்க்கும்போது வேலை செய்து பழகிவிட்டது, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் பலர் விடும் தவறு இங்கேதான் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். கைவேலைக்கு வாசிப்பு மட்டும் போதாது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நேரம் வைத்து, வாயால் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். இதற்குப் படித்தவர் வீட்டில் இருக்கத் தேவையில்லை. லயத்துக் காம்பராவே போதும்.

அந்தப் பிள்ளையின் வீட்டில் நாம் இதைச் செய்து பார்த்தோம். அம்மாயி கட்டிலில் படுத்து நோயாளியானார். தம்பி ஏழாம் வகுப்பு. அவன் கையில் பட்டியலைக் கொடுத்தோம், அவன்தான் பரீட்சகர். அப்பா கரண்டியால் தட்டில் தட்டி மணி அடித்தார். முதல் தடவை எல்லோரும் சிரித்துக் கெடுத்தார்கள். இரண்டாவது தடவை அம்மாயி வேண்டுமென்றே, "நீ யாருடி? என் கைய எதுக்குப் புடிக்கிறே?" என்று சத்தம் போட்டார். பிள்ளை திகைத்து நின்றது. பிறகு தன் பேரைச் சொல்லி, வந்த காரணத்தைச் சொல்லி, "பார்க்கலாமா அம்மா?" என்று கேட்டது. அங்கேயே பாதி நடுக்கம் போய்விட்டது. நல்ல நோயாளி கிடைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்!

வீட்டில் பழகக்கூடிய வேலைகள் நிறைய உண்டு. நாடி பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மூன்று விரல் வைத்து ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும். நம் பெருவிரலால் பார்க்கக்கூடாது, அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் கணக்கு மாறும். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 60 முதல் 100 வரை இருக்கும். மூச்சு 12 முதல் 20 வரை. அதை எண்ணுவதை நோயாளிக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் மூச்சை மாற்றி விடுவார். லயத்தில் பத்து வீட்டாருக்கு நாடி பார்த்த பிள்ளைக்குப் பரீட்சையில் பதினோராவது ஆள் பெரிய ஆள் இல்லை. பழஞ்சேலையைக் கிழித்துக் கட்டுப் போடலாம். விரிப்பு மாற்றலாம், ஆள் படுத்திருக்கும்போதே மாற்றலாம். ஆனால் ஊசியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. யாருக்கும் குத்திப் பார்க்கவும் கூடாது. அது கல்லூரியில் பொம்மைக் கையில் பழக வேண்டியது.

கை கழுவுதலைப் பீலியிலேயே பழகலாம். உலக சுகாதார நிறுவனம் சவர்க்காரத்தோடு 40 முதல் 60 செக்கன் கழுவச் சொல்கிறது: உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முதுகு, பெருவிரல், நகநுனி. பரீட்சையில் பதற்றத்தில் பலர் மறப்பது இதைத்தான். இது சும்மா சடங்கு இல்லை. 1847இல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டொக்டர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வந்தவர்களைக் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வைத்தார். பிரசவக் காய்ச்சலில் சாகும் தாய்மாரின் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. அந்தக் காலத்தில் பல டொக்டர்மார் அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை.

எந்த வேலை வந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். தாளை வாசி, கை கழுவு, பேரைச் சொல், நோயாளி பேரைக் கேள், செய்யப்போவதைச் சொல், சம்மதம் வாங்கு. இந்த ஆறையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவு பழக்கிவிட்டால், மனம் வெறுமையாகிற அந்த முதல் நிமிஷத்தை வாயும் கையும் தாமாகவே கடந்துவிடும்.

தவறு நேர்ந்தால்? நேரும். சுத்தக் கையுறை கட்டிலில் பட்டுவிட்டது என்று வையுங்கள். மறைக்கக்கூடாது. "கையுறை பட்டுவிட்டது, மாற்றுகிறேன்" என்று சத்தமாகச் சொல்லி மாற்ற வேண்டும். வார்டிலும் அப்படித்தானே செய்ய வேண்டும். ஒரு மேசையில் கெட்டுப்போனால் அதை அடுத்த மேசைக்குச் சுமந்து போகவும் வேண்டாம். அங்கே இருக்கிறவருக்கு முந்தியது தெரியாது. புள்ளியும் தனித்தனி. நாமே ஒருமுறை முதலுதவிப் பயிற்சியில், வலக்கை முறிந்தவருக்கு இடக்கையில் அழகாகக் கட்டுப் போட்டோம். அந்த வெட்கத்தில் அடுத்து வந்த சுலபமான கேள்வியையும் விட்டோம். முதலாவதைவிட இரண்டாவதுதான் இன்றைக்கும் வருத்தம்.

மருந்துக் கணக்கு பல பிள்ளைகளுக்குப் பேய். வேண்டியதை இருப்பதால் பிரித்து, இருக்கிற அளவால் பெருக்க வேண்டும். 180 மில்லிகிராம் கொடுக்க வேண்டும், பாணி மருந்து 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்றால், 180ஐ 120ஆல் பிரித்து 5ஆல் பெருக்க, 7.5 மில்லிலீற்றர். சேலைன் 500 மில்லிலீற்றரை 4 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்றால், மொத்தம் 10,000 துளி, 240 நிமிஷம், ஆக நிமிஷத்துக்கு ஏறக்குறைய 42 துளி. தினம் இரண்டு கணக்கு, மூன்று மாதத்துக்கு. நமது அம்மாமார் கொழுந்துக் கிலோக் கணக்கைப் பேப்பர் இல்லாமல் போட்டுக் கணக்கப்பிள்ளையோடு வாதாடுகிறவர்கள். அந்த மூளைதான் பிள்ளைக்கும் இருக்கிறது.

பாஷையும் ஒரு பயம். பதுளைப் பெரியாஸ்பத்திரி வார்டில் பெரும்பாலும் சிங்களம்தான் பேச்சு, புத்தகம் ஆங்கிலம். நோயாளியிடம் கேட்கிற வசனம் முப்பது நாற்பதுதான் இருக்கும். "நம மொகக்த?" "ரிதெனவாத?" "பய வென்ன எபா." பேர் என்ன, வலிக்கிறதா, பயப்பட வேண்டாம். எழுதி வைத்து, சிங்களம் தெரிந்த பக்கத்து வீட்டாரோடு பேசிப் பழகினால் பரீட்சை அன்று வாய் தேடாது.

பரீட்சை நாளைப் பற்றி இரண்டு வார்த்தை. வெறும் வயிற்றோடு போனால் நடுக்கம் கூடும். ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பத்திரிகையில் எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறோம்: அன்று காலை கடும் சாயத்தண்ணி இரண்டு மூன்று கோப்பை வேண்டாம், அதுவும் கையை நடுங்க வைக்கும். ஒரு கோப்பை போதும். குளிர்காலமானால் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு நோயாளியைத் தொட வேண்டும். வாசலில் நிற்கும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விட்டால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் செய்து 2011இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், பரீட்சைக்கு முன் பத்து நிமிஷம் தன் பயத்தையெல்லாம் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகம் பயப்படுகிறவர்கள், நன்றாகச் செய்தார்கள் என்று கண்டிருக்கிறார்கள். எழுதிவிட்டுத் தாளைக் கிழித்துப் போடலாம், காசு செலவில்லை. 2014இல் வந்த இன்னொன்றில், "அமைதியாயிரு" என்று தனக்குச் சொன்னவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கு" என்று சொன்னவர்கள் பேச்சிலும் கணக்கிலும் மேலாகச் செய்தார்கள். படபடப்பை அடக்குவதைவிடத் திருப்பிவிடுவது லேசு போலும்.

இப்போது பெற்றோரிடம். ராத்திரி போன் எடுத்தால், "பாஸாயிருவியா?" "உன்னை நம்பித்தான் கடன் வாங்கிருக்கோம்" என்று பேசுவது அன்பால்தான், நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாரத்தோடுதான் பிள்ளை மேசைக்கு முன்னால் நிற்கிறது. "சாப்பிட்டியா? இன்னைக்கு வார்டுல என்ன செஞ்சே?" என்று கேளுங்கள். அது சொல்லட்டும், புரியாவிட்டாலும் கேளுங்கள். சொல்லச் சொல்ல அதற்குப் பாடமாகிறது. தவறினால் மறுபடி தோற்றும் வழி என்ன என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லயத்துக் கதையை நம்ப வேண்டாம்.

சில பிள்ளைகளுக்கு இது பரீட்சைப் பயத்தோடு நிற்காது. வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால், "நான் இல்லாட்டி நல்லது" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், ஏசக்கூடாது, தனியே விடவும் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம். நம்மிடமும் வரலாம், எந்த நேரமானாலும்.

அந்தப் பிள்ளை தை மாதக் கடைசியில் உடரட்ட ரயிலேறித் திரும்பிப் போய்விட்டது. அதற்கு மறுபரீட்சை அடுத்த மாதம். போன ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, "அம்மாயிகிட்ட சொல்லுங்க ஐயா, இங்கே யாரும் அவங்க அளவுக்குக் கஷ்டப்படுத்தல" என்றது.

தாதியர் படிப்புப் படிக்கிற, படிக்க விரும்புகிற பிள்ளைகள் லீவில் வந்திருந்தால், ஞாயிறு பின்னேரம் 2 மணிக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு வரலாம். நோயாளியாகப் படுக்க வயசானவர்கள் நாலு பேர் தேவை. பாய் நாம் தருகிறோம், தலையணை மட்டும் கொண்டு வாருங்கள்.