வெடிக்கு முன் வேலியைப் பாருங்கள்

புரட்டாசி பிறந்ததும் நான் வேலியைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடுவேன். காங்கயம் பக்கத்தில் எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், சில குதிரைகள் வளர்க்கிறோம். மார்வாரி, கத்தியவாரி, கூடவே ஒரு மட்டக்குதிரை. பெரும்பாலானவை ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் வாங்கியவை. காட்டை ஒட்டி ஒரு வலசு இருக்கிறது. தீபாவளிக்கு அங்கே எல்லா வீட்டிலும் வெடி வெடிப்பார்கள். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. வருடம் முழுக்கப் பாடுபட்ட குடும்பம் பிள்ளைகளோடு ஒரு நாள் மகிழ்ந்திருப்பது நியாயம்தான். அதே இரவை என் குதிரைகளும் அடிபடாமல் கடக்க வேண்டும். அதற்கான வேலையில் முக்கால்வாசி, முதல் வெடி வெடிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் இத்தனை வருடங்களில் நான் கற்றது.

குதிரை ஓடித் தப்பிப் பிழைத்த விலங்கு. பயம் வந்தால் முதலில் ஓடும், என்ன சத்தம் என்று அப்புறம்தான் பார்க்கும். நமக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், குதிரைக்கு 33,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ராக்கெட் கிளம்பும்போது எழும் கீச்சொலி நம் காதுக்குத் தெரிவதைவிட அதற்கு அதிகமாகவே தெரிகிறது. கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர மற்ற எல்லாப் பக்கமும் அசைவு தெரியும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அந்தக் கண்ணுக்கு நம்மைவிட அதிக நேரமாகும். தீபாவளி நிலா இல்லாத நாளை ஒட்டி வருகிறது. வானத்தில் ஒரு பேன்சி ஷாட் பளீரென்று வெடித்து அணைந்தால், அடுத்த சில நிமிடங்களுக்குக் குதிரை ஏறக்குறையக் குருடாகவே ஓடுகிறது. நியூசிலாந்தில் குதிரை வளர்ப்போரிடம் கேட்டுத் தொகுத்து 2016-ல் வெளியான ஆய்விலும், வாணவேடிக்கையின்போது குதிரைகள் அதிகமாகச் செய்வது ஓட்டம்தான் என்று வந்திருக்கிறது. ஆகவே அது எதில் போய் மோதும், எதற்குள் விழும் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

எங்கள் காட்டுக்குக் கிளுவை வேலி. அது உயிர்வேலி, நெருக்கமாக வளர்ந்தால் குதிரை தூரத்திலேயே கண்டு திரும்பிவிடும். ஆனால் கிளுவை பட்டுப்போன இடங்களில் முள்கம்பி இழுத்துக் கட்டியிருப்போம். அந்த இடங்கள்தான் ஆபத்து. இருட்டில் கம்பி கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சிலும் முன்னங்காலிலும் கிழித்துவிடும். கம்பியை எடுத்துவிட்டு மூங்கில் கட்டுவது உத்தமம். முடியாதபோது பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, அடிக்கு ஒன்றாகக் கம்பியில் முடிந்து வைக்கிறேன். அப்புறம் கிணறு. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் நிறைய உண்டு. மேயும் குதிரைக்குக் கிணறு இருக்கும் இடம் நன்றாகவே தெரியும். மிரண்டு ஓடும் குதிரைக்கு அந்த நினைவு கைகொடுக்காது. கிணற்றைச் சுற்றித் தனி வேலி போடாமல் எந்தக் குதிரையையும் இரவில் அவிழ்த்துவிடாதீர்கள். ஏர்க்கலப்பை, டிராக்டர் டிரெய்லர், சொட்டுநீர்க் குழாயின் நீட்டிய முனை, தென்னை மட்டைக் குவியல் எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட வேண்டும். ஐப்பசி மழையில் செம்மண் வழுக்கும். வாசற்படி, தண்ணீர்த் தொட்டி ஓரம் போன்ற சேற்று இடங்களில் கிராவல் கொட்டி வைத்தால் பாதிச் சறுக்கல் குறையும்.

லாயத்தில் அடைப்பதா, வெளியே விடுவதா என்று பலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே விதி, பழகிய இடத்தை அன்றைக்கு மாற்றக் கூடாது என்பதுதான். தினமும் லாயத்தில் நிற்கும் குதிரைக்கு லாயம் நல்லது. வருடம் முழுக்க வெளியே மேய்வதைத் தீபாவளி ராத்திரி மட்டும் நாலு சுவருக்குள் அடைத்தால், அது கதவை உதைத்தே காலை உடைத்துக்கொள்ளும். ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் உறவுக்காரர் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால் ஒரு வாரம் முன்பே கொண்டுபோய்ப் பழக்குங்கள். எங்கே நின்றாலும் துணை வேண்டும். தனியாக நிற்கும் குதிரைதான் அதிகம் மிரளும். இன்னொரு குதிரை இல்லையென்றால், தினமும் கூட நிற்கும் ஆடோ மாடோ இருந்தாலும் போதும். குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது.

கட்டுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நம் ஊரில் தலைக்கயிறு ஒரு முளையிலும் பின்னங்கால் கயிறு இன்னொரு முளையிலுமாகக் கட்டிவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட நினைக்கும் உடம்பை அசையவிடாமல் கட்டினால், அது கயிற்றோடு மல்லுக்கட்டும். கழுத்து நரம்பு இழுத்துக்கொள்ளும், கயிறு குளம்புக்கு மேல் சதையை அறுக்கும், சில சமயம் சுருண்டு விழும். அடைத்த லாயம் இருந்தால் உள்ளே அவிழ்த்தே விடுங்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் தலைக்கயிறு மட்டும் போதும். அதையும் நேராக முளையில் கட்டாமல், முளையில் ஒரு மெல்லிய சணல் வளையம் போட்டு அதில் கட்டுங்கள். உயிர்போகிற இழுப்பு இழுத்தால் சணல் அறுந்து குதிரை பிழைத்துக்கொள்ளும். வெளிவேலி உறுதியாக இருந்தால், அறுத்துக்கொண்டு போனாலும் அது காட்டுக்குள்தான் நிற்கும். மேய விடும்போது முன்னங்கால்களுக்குப் போடும் தளையை அன்றைக்குக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். நைலான் ஹால்டரையும் கழற்றுங்கள், எதிலாவது மாட்டினால் அது அறுகாது.

தீ பற்றியும் சொல்ல வேண்டும். கீற்றுக் கூரையில் ஒரு ராக்கெட் விழுந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அன்று மாலை கூரையை நனைப்போம். சோளத்தட்டுப் போரைத் தார்ப்பாயால் மூடி, மேலே ஈரச் சாக்கு போடுவோம். லாயத்து வாசலில் இரண்டு டிரம் தண்ணீர், வாளி, மணல் இருக்கும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள், காற்றில் படபடத்தால் அதுவே குதிரையை மிரட்டும். தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரே கையால் திறக்க வர வேண்டும். பூட்டு வேண்டாம்.

அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதுதான் எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது. ஆயுத பூசை முடிந்த வாரத்தில் வீடு வீடாகப் போவேன். சட்டம் என் பக்கம் இருக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளி அன்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று சொன்ன பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்று அரசு நேரம் வைத்திருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிக்குத் தடை உண்டு. சரவெடிக்கும் தடை இருக்கிறது. ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான் கேட்பது இரண்டே விஷயம், நேரமும் திசையும்.

"ஏனுங்க மாமா, பசங்களுக்கு இந்த வருசமும் ராக்கெட்டு வாங்கறீங்களா?"

"ஆமாங் கண்ணு, ஏன்?"

"வாங்குங்க மாமா. உடறப்ப மட்டும் கொளத்துப் பக்கமாப் பாத்து உடச் சொல்லுங்க. இந்தப் பக்கம் சோளத்தட்டுப் போரு இருக்குது, குதிரைக நிக்குது. அப்பறம் அணுகுண்டு வெக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் பண்ணீருங்க."

"அதுக்கென்ன கண்ணு, பசங்ககிட்டச் சொல்லிப்போடறேன்."

இதற்கு மறுத்தவர் யாரும் இல்லை. பிள்ளைகளை ஒரு நாள் லாயத்துக்கு வரச் சொல்லி, குதிரைக்குப் புல் கொடுக்க வைப்பதும் உண்டு. தன் கையிலிருந்து தின்ற குதிரையின் பக்கம் எந்தப் பிள்ளையும் ராக்கெட்டைத் திருப்பாது. நேரம் தெரிந்தால் எனக்கும் ஏற்பாடு சுலபம். இருந்தாலும் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு விடியற்காலை நாலு மணிக்கே வெடி கேட்பது ஊர் வழக்கம். ஆகவே முந்தின நாள் இரவிலிருந்தே கணக்கு வைத்துக்கொள்கிறேன். மாரியம்மன் நோம்பிக்கு அதிர்வேட்டு எந்த நேரம் என்று பூசாரியிடம் கேட்டால் தெரியும். சாவு ஊர்வலத்தில் போடும் வெடிக்குத்தான் முன்னறிவிப்பு கிடையாது. அதனால் வேலியும் கிணறும் வருடம் முழுக்கச் சரியாக இருக்க வேண்டும்.

தீனி விஷயத்தில் பலர் கவனம் வைப்பதில்லை. குதிரையின் வயிற்றில் அமிலம் இடைவிடாமல் சுரக்கிறது, மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அதைத் தணிக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வெறும் வயிற்றில் பயமும் சேர்ந்தால் வயிற்றுவலிக்கு வழி திறந்துவிடும். கோலிக் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். தீபாவளிக்கு மூன்று நாலு நாள் முன்பிருந்து கொள்ளையும் தானியத்தையும் படிப்படியாகக் குறைத்து, காய்ந்த கொழுக்கட்டைப்புல்லைக் கூட்டுகிறேன். அன்று இரவு முழுக்க அது தீராமல் இருக்கும். புகை மூச்சுக்குழலை உறுத்தும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி என்பதால், தூசியும் சேராமலிருக்கப் புல்லை லேசாக நனைத்துப் போடுகிறேன். பகலில், வெடி ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, காட்டுக்குள்ளேயே பிடித்து நடக்க வைப்போம். அன்று யாரும் ஏறி ஓட்டக் கூடாது, ரோட்டுப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இருட்டும் முன் லாயத்தில் விளக்கைப் போட்டுவிட்டால், வெளியே தெரியும் பளீர் வெளிச்சம் உள்ளே அவ்வளவாகத் தாக்காது. ரேடியோவும் உதவும், ஆனால் ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் பாட வேண்டும். அன்றைக்கு மட்டும் வைத்தால் அதுவும் ஒரு புதுச் சத்தம்தான். காதில் பஞ்சு வைப்பதும் அப்படியே. முன்பே பழகியிருந்தால் வையுங்கள்.

சத்தத்துக்குப் பழக்க முடியுமா என்றால், முடியும், பொறுமை இருந்தால். போலீஸ் குதிரைகளைக் கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் பழக்குவது சிறிது சிறிதாகத்தான். வெடிச் சத்தத்தை செல்போனில் பதிந்து, தீனி தின்னும் நேரத்தில் மிகக் குறைந்த அளவில் கேட்க விடுவேன். காது திரும்பினாலும் மென்றுகொண்டே இருந்தால் சரி. மெல்வது நின்றால் சத்தம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், குறைத்துவிடுவேன். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பழகட்டும் என்று குதிரைக்குப் பக்கத்திலேயே நிஜ வெடி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது கொடுமை. அப்படிச் செய்தால் பயம் கூடுமே தவிரக் குறையாது. கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரைகளையே பாருங்கள், அசையாமல் நின்றாலும் கண் வெளுத்து, வால் ஒட்டி, உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும். அதைப் பழகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முந்தைய வருடம் மிக மோசமாக மிரண்ட குதிரை என்றால் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அசிப்ரோமசின் போன்ற அமைதிப்படுத்தும் மருந்து குதிரை அமைதியாக இருக்கும்போதே கொடுத்தால்தான் சரியாக வேலை செய்யும். மிரண்டு வியர்த்த பிறகு கொடுத்துப் பலன் குறைவு. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், பொலிக்குதிரைகளுக்கு வேறு ஆபத்தும் உண்டு. பக்கத்துக் காட்டுக்காரர் மிச்சம் வைத்ததை வாங்கி ஊசி போடவே போடாதீர்கள்.

வெடி நேரத்தில் நான் லாயத்துக்கு வெளியே, குதிரைகள் என்னைப் பார்க்கும்படி உட்கார்ந்திருப்பேன். 2009-ல் ஸ்வீடன் நாட்டவர் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு இதில் உதவியது. குதிரையைப் பிடித்து நடப்பவர்களிடம், இந்த முறை ஒரு குடை திடீரென விரியும் என்று சொல்லி அனுப்பினார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் அவர்களுடைய இதயத் துடிப்போடு குதிரையின் துடிப்பும் ஏறியது. நம் பயம் கயிறு வழியே போய்ச் சேருகிறது. அதனால் படபடப்புள்ளவர்களை அன்று குதிரை பக்கம் விடுவதில்லை. மிரண்ட குதிரை இருக்கும் தடுப்புக்குள் நானும் போவதில்லை. அறைக்குள் சுற்றும் அரை டன் உடம்புக்கு நாம் நிற்பது தெரியாது. குரல் மட்டும் கொடுப்பேன், வழக்கமான வார்த்தை, வழக்கமான தொனி.

விடிந்ததும் முதல் வேலை காட்டைச் சுற்றி வருவது. எரிந்த ராக்கெட் குச்சி, வெடிக்காத வெடி, மத்தாப்புக் கம்பி எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகுதான் மேய விடுவோம். பிறகு ஒவ்வொரு குதிரையாக நான்கு காலையும் தடவிப் பார்ப்பேன். சூடு, வீக்கம், முள் கீறல், லாடம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். தாடைக்கு அடியில் விரல் வைத்தால் நாடி தெரியும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். லத்தியையும் எண்ணுங்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறையாவது போடும் குதிரை பாதி நாள் போடாமல் இருந்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, காலால் தரையைப் பறித்தாலோ, படுத்துப் புரண்டாலோ, தீனியை எடுத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பண்டிகை விடுமுறையில் யார் வருவார் என்று முன்பே கேட்டு அந்த எண்ணை லாயத்துக் கதவில் எழுதி வையுங்கள். அரசின் நடமாடும் கால்நடை ஊர்திக்கு எண் 1962. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எங்களுக்குப் போய்ச் சேரும் தூரம்தான், ஆகவே வண்டிக்காரரிடமும் முன்பே சொல்லி வைத்திருப்போம். மழையில் நனைந்து மிஞ்சிய வெடிகளைப் பிள்ளைகள் கார்த்திகை தீபம் வரை வெடிப்பார்கள். அதுவரை நைலான் ஹால்டரும் தளையும் பெட்டியிலேயே இருக்கும்.