லேசான மயக்க ஊசி: முன்னும் பின்னும்

நத்தம், வத்தலக்குண்டு பக்கமிருந்து திண்டுக்கல்லுக்கு எண்டோஸ்கோப்பி செய்ய வருவோருக்கு மிடசோலம் போன்ற மருந்தால் அரைத்தூக்கம் தருவதுண்டு. கூப்பிட்டால் பதில் சொல்லும் நிலை அது. அளவு மிஞ்சினால் மூச்சு மந்தமாகும்.

• ஊசிக்கு முன், பிரியாணி போன்ற கொழுப்பு உணவென்றால் 8 மணி நேரம், இட்லி, பால் டீக்கு 6, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

• குறட்டை, ஆஸ்துமா, ஒவ்வாமை, குடிப்பழக்கம், சாப்பிடும் மாத்திரைகள் எதையும் மறைக்காதீர்கள்.

• விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், அருகில் ஆக்சிஜன், மூச்சைக் கவனிக்கத் தனி ஆள் உண்டா என்று கேளுங்கள்.

• நழுவிய மூட்டைப் பொருத்த அவசரப் பிரிவில் இந்த ஊசி போடுவதானாலும், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைச் சொல்லுங்கள்.

• துணையோடு வீடு திரும்புங்கள். 24 மணி நேரம் பைக், மது, பத்திரக் கையெழுத்து வேண்டாம்.

எழுப்பியும் எழாவிட்டால், மூச்சுத் திணறினால், உடனே 108-ஐ அழையுங்கள்.