வெள்ளியும் பொன்னும் கலந்த டாலர்

(பத்தாம் வகுப்பு மாணவி)



வில்லியனூர் லூர்து அன்னை திருவிழாக் கடைகளில் தொங்கும் சுரூபங்களையும் சிலுவைகளையும் வேடிக்கை பார்க்காமல் நாம் வீடு திரும்பியதுண்டா? ஆனால் புதுநன்மைக்கு என்றால் பாண்டி நகைக்கடைக்கே போவோம். முழுத் தங்கத்தில் டாலர் வாங்க எல்லோராலும் இயலாது. ஆகவே வெள்ளியில் பொன்னால் மாதா உருவம் அமைந்த டாலரைச் சிலர் விரும்புகின்றனர். எங்கள் தங்கையின் புதுநன்மைக்குப் பாகூர்ப் பாட்டி கொடுத்த பணத்தில் அப்படி ஒன்று வாங்கினோம். ஒரே ஆண்டில் மாதாவின் முகம் வெளுத்தது. விற்கப் போனால் வெள்ளி விலை மட்டுமே கிடைக்கும் என்றனர். பில்லில் 'டாலர் 1' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இதைப் பாட்டியிடம் சொல்ல அம்மாவுக்கு இரண்டு வாரம் ஆயிற்று!

காரணத்தைத் தேடினோம். தூய வெள்ளி மிகவும் மிருதுவானது. அதனால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும், மீதிக்குப் பெரும்பாலும் செம்பும் சேர்த்து உருக்குவார்கள். இதுவே ஸ்டெர்லிங் வெள்ளி. இதனோடு பொன் சேரும் வழிகள் இரண்டு. ஒன்று, தனியாகச் செய்த பொன் துண்டைப் பொடி வைத்து ஊதி ஒட்டுவது. மற்றொன்று முலாம். எங்களுடையது முலாம்தான்.

முலாமில் பொன் எவ்வளவு இருக்கும்? கணக்குப் போட்டோம். 2 செ.மீ. விட்டமுள்ள வட்ட டாலரின் இரு பக்கப் பரப்பு ஏறத்தாழ 6.28 சதுர செ.மீ. நல்ல கனமான முலாம் என்றால் 2.5 மைக்ரான், அதாவது ஒரு மில்லி மீட்டரை நானூறாகப் பிரித்தால் ஒரு பங்கு. பொன்னின் அடர்த்தி 19.3. பெருக்கினால் வருவது 30 மில்லி கிராம். பாட்டி காலத்துக் குண்டுமணி எடை சுமார் 120 மில்லி கிராம். ஆக, கால் குண்டுமணி! உருவத்திற்கு மட்டும் பூசினால் அதுவும் இல்லை.

இவ்வளவு மெல்லிய பூச்சு தேய்ந்துவிடும். நாளடைவில் அடியிலுள்ள வெள்ளியும் பொன்னை ஊடுருவி மேலே வந்து, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். பொன்னுக்கு அந்தக் கறுப்பு இல்லை. நாமோ கறுப்பைப் போக்கப் பற்பொடியால் தேய்க்கிறோம். முலாம் அதோடு போகிறது. (எங்கள் வீட்டில் தேய்த்தது யார் என்று எழுத அனுமதி இல்லை.) சோப்பு நீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றினால் போதும்.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "பொன் ஒட்டியதா, பூசியதா?" என்பதே. வெள்ளியில் 925 என்ற எண்ணைப் பாருங்கள். 22 காரட் பொன்னுக்கு எண் 916. ஹால்மார்க் நகையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரையும் இருக்கும். தங்க நகையாயின் ஆறு இலக்க அடையாளக் குறியீடும் உண்டு. ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த தங்க நகைக்கு முத்திரை கட்டாயமில்லை. சிறு பொன் துண்டுக்குப் பில்தான் சாட்சி. வெள்ளி எடை, பொன் எடை, பொன்னின் தரம், செய்கூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். மொத்த எடைக்குப் பொன் விலை போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வாண்டு தம்பிக்குப் புதுநன்மை. வெள்ளி டாலரில் ஒட்டிய சிறு பொன் சிலுவை வாங்கினோம். பில்லில் பொன் 0.400 கிராம் என்று தனியே எழுதியிருந்தது. பாட்டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

"மூணு குண்டுமணிக்கு மேலேயே இருக்கு" என்றார்.