எந்த வேலைக்கு எந்த லேஅவுட்?

டிடபிள்யூஎம், எக்ஸ்மொனாட், ஐ3 போன்ற டைலிங் விண்டோ மேனேஜருக்கு மாறிய புதிதில், திறந்த விண்டோ எல்லாவற்றையும் ஒரே திரையில் கட்டம் கட்டத் தோன்றும். பார்க்க அழகுதான், ஆனால் ஆறு விண்டோ சேர்ந்தால் எதிலும் முழு வரி தெரியாது. லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வேலையில் கண் எங்கே நிலைக்கிறது, எங்கே எட்டிப் பார்க்கிறது?

ஒன்றில் நிலைத்து, மற்றவற்றை எட்டிப் பார்க்க: கோடு எழுதுவது இந்த வகை. டிடபிள்யூஎம்மின் டைல் லேஅவுட் போதும். இடப்பக்கம் மாஸ்டர் விண்டோ. மற்றவை வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக. மாஸ்டருக்கு முதலில் 55 சதவீத அகலம் கிடைக்கும். ஆல்ட்டுடன் ஹெச், எல் விசைகளால் குறைக்கலாம், கூட்டலாம். ஓரத்து விண்டோவில் வேலை வந்துவிட்டால் ஆல்ட்–என்டர் அதை மாஸ்டராக்கிவிடும்.

நீள வரிகளுக்கு: லாக் ஃபைலைக் குறுகிய பத்தியில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. எக்ஸ்மொனாடில் மிரர் டால் லேஅவுட்டுக்கு மாறுங்கள். மாஸ்டர் திரையின் முழு அகலத்தில் மேலே வந்துவிடும்.

இரண்டை ஒப்பிட: அருகருகே இரண்டே விண்டோ. மூன்றாவது வந்தால் அடுத்த வொர்க்ஸ்பேஸுக்கு அனுப்புங்கள்.

ஆழ்ந்து படிக்க: டிடபிள்யூஎம்மில் மோனக்கிள், எக்ஸ்மொனாடில் ஃபுல். ஒரு விண்டோ மட்டுமே கண்ணில் படும்.

ஐ3 சற்று வேறு ரகம். இங்கே லேஅவுட் முழுத் திரைக்குமானதல்ல, விண்டோக்களைத் தொகுக்கும் கன்டெய்னருக்கானது. எடிட்டரை இடப்பக்கம் வைத்து, வலப்பக்க டெர்மினல்களை மட்டும் டேப்களாக அடுக்கலாம். தலைப்புகள் நீளமாக இருந்தால் டேப் வேண்டாம். ஸ்டாக்கிங்கில் ஒவ்வொரு தலைப்புக்கும் முழு வரி கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: எக்ஸ்மொனாடில் ஒவ்வொரு வொர்க்ஸ்பேஸும் தன் லேஅவுட்டை நினைவில் வைத்திருக்கும். டிடபிள்யூஎம்மில் அது மானிட்டருக்கு ஒன்றுதான்; அங்கே வொர்க்ஸ்பேஸ் போலப் பயன்படும் டேகுக்கு ஒன்று வேண்டுமென்றால் பெர்டேக் பேட்ச் போட வேண்டும். இது தெரியாமல், மெயில் படிக்க மோனக்கிளுக்கு மாறிவிட்டு, கோடு டேகுக்குத் திரும்பியதும் டெர்மினல் எங்கே என்று தேடுபவர்கள் உண்டு.

முதல் மாதம் இரண்டு லேஅவுட் போதும்: ஒரு டைல், ஒரு முழுத்திரை. ஒரே அளவை நாளுக்குப் பத்து முறை கையால் சரிசெய்கிறீர்கள் என்றால், மூன்றாவதைத் தேடும் நேரம் வந்துவிட்டது.