மணல்தொட்டியும் மண்ணடுக்கும்

அன்புள்ள தம்பி,

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு நீங்கள் நடத்திய மணல்தொட்டி அகழாய்வு பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளுக்குத் தொல்லியல் எதற்கு என்றெல்லாம் நாம் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. நேரே சண்டைக்கு வருகிறேன்.

அதிகப் பொருள் எடுத்த குழுவுக்குப் பரிசு கொடுத்தீர்களாமே! அதற்குப் பெயர் புதையல் வேட்டை. தொட்டி முழுக்க ஒரே ஆற்றுமணல். பாசிமணி, பானையோடு, காசு எல்லாம் கலந்து கிடக்கின்றன. எது முந்தியது, எது பிந்தியது என்று பிள்ளை எதை வைத்துச் சொல்லும்?

1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலிய அரிட்டைன் ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவை கிடந்த அடுக்கை வைத்துத்தான் நம்மூர் ஓடுகளுக்கு அவர் வயது குறித்தார். 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் பெருங்கற்காலத்தைக் கணிக்க அந்த அறிவே கைகொடுத்தது. ஓடுகளை மட்டும் பொறுக்கிக் கூடையில் போட்டிருந்தால் இவ்வளவும் போயிருக்கும்.

நான் முதன்முதலாக அகழ்வுக்குழிக்குப் போனபோது என் ஆசிரியர் கொத்துக்கரண்டியைக் கையில் தரவில்லை. குழியின் பக்கச்சுவரைக் காட்டி, "வரை" என்றார். காய்ந்த சுவர், ஒரே நிறம். அவர் வந்து ஒரு கை தண்ணீர் தெளித்தார்; சாம்பல் பட்டை ஒன்று எழுந்து வந்தது. இன்றும் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டினால் நின்று சுவரைத்தான் பார்ப்பேன். கூட வருகிறவர்களுக்கு எரிச்சல்.

ஆனால் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போனீர்களே, அது அபாரம்! கலத்தைக் கவிழ்த்துச் சுட்டால் உட்புறம் காற்றில்லாமல் கறுக்கிறது, வெளிப்புறம் சிவக்கிறது என்பதைப் பிள்ளைகள் சூளையருகே நின்று பார்த்திருக்கிறார்கள். காலமெல்லாம் கரும்பலகையில் கருப்பு-சிவப்பு மட்கலம் நடத்திய எனக்கு இது தோன்றவே இல்லை.

அடுத்த முறை ஒரு பழைய மீன்தொட்டி வாங்குங்கள். அடியில் செம்மண், மேலே அடுப்புச் சாம்பல், அதற்கும் மேலே மணல். செம்மண்ணில் ஒரு பானையோடு. பிறகு, கண்ணாடியை ஒட்டாமல் நடுவில், மேலிருந்து செம்மண்வரை சின்னக் குழி வெட்டி, பேனா மூடி ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள். ஓடும் மூடியும் ஒரே ஆழத்தில் கிடக்கும். எந்தப் பிள்ளை குழியின் விளிம்பைக் கண்டுபிடிக்கிறதோ அதற்குக் கொடுங்கள் பரிசை.

அவர்கள் வரையும் படங்களை எனக்கு அனுப்புங்கள். அளவு குறிக்காத படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.