மண் ஒரே நாளில் சரிவதில்லை



2024 நவம்பர் 30 இரவை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. மறுநாள் மாலை, அதே புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வந்து வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர்.

இத்தனை காலம் நின்ற சரிவு அன்று ஏன் இறங்கியது? மழை கடைசிக் காரணம். அதற்கு முன்பே வெயிலும் மழையும் மாறிமாறி மண்ணைத் தளர்த்தி வைத்திருக்கும்.

கோடையில் களிமண் காய்ந்து சுருங்கி வெடிக்கிறது. பாகூர் பக்கத்து வயல்களில் இதைப் பார்த்திருப்போம். மழை வந்ததும் வெடிப்பு வழியே தண்ணீர் ஆழத்துக்கு இறங்குகிறது, மண் உப்புகிறது. மேலே வெடிப்பு மூடியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே பழைய பிடிப்பு திரும்புவதில்லை. ஆண்டுதோறும் இப்படி நடக்க, கட்டியான மண் பொடிந்து தளர்கிறது.

கடற்கரையில் பிள்ளைகள் கட்டும் மணல் வீட்டை நினைத்துப் பாருங்கள். அளவான ஈரத்தில் நிற்கும்; காய்ந்தால் உதிரும்; அலை நனைத்தால் கரையும். சரிவிலும் அப்படித்தான். தண்ணீர் நிறைந்ததும் மண்ணின் எடை கூடுகிறது. துகள்களுக்கு இடையே உள்ள நீர் அவற்றை விலக்கித் தள்ள, உராய்வு குறைகிறது. மலையில் மண்ணுக்கு அடியில் கடும்பாறை இருப்பதால் நீர் கீழே போக வழியின்றி அங்கேயே தேங்கும். அந்த இடத்தில்தான் மண் வழுக்குகிறது.

நம் ஊர் சமவெளிதானே என்று இருந்துவிடக் கூடாது. வாய்க்கால் கரை, குளக்கரை, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடு, கடைக்கால் தோண்டிய பள்ளம் எல்லாமே சரிவுகள்தாம். 2024 மார்ச் 31 அன்று மரப்பாலம் வசந்தம் நகரில் வாய்க்கால் பணியின்போது மதில்சுவர் விழுந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர். சுவரின் காலடியில் தோண்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அது நம் ஊரிலேயே கிடைத்த பாடம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, நாம் செய்யக்கூடியவை:

• கரையிலும் சுவரோரத்திலும் உள்ள வெடிப்புகளைக் களிமண் இட்டுக் கெட்டிக்க வேண்டும்.
• மாடித் தண்ணீரைக் குழாய் வழியே சரிவுக்கு அப்பால் விட வேண்டும்.
• தாங்குசுவரில் நீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்க்க வேண்டும்.
• புல்லையும் மரத்தையும் அகற்றக் கூடாது, வெட்டிவேர் நடலாம்.
• மேட்டின் அடியில் மண் எடுக்கக் கூடாது. பள்ளம் தோண்டினால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

மழை நேரத்தில் மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், அடிவாரத்தில் கலங்கிய ஊற்று தெரிந்தால் பொருட்களை எடுக்க நிற்காதீர்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.