விடியற்காலத் தூக்கம்

விருதுநகர்

சிரஞ்சீவி மருமகனுக்கு,

மத்தியான வகுப்பில் நீ மேசைமேல் தலை சாய்த்துவிடுகிறாய் என்றும், அதற்காக உன்னை வெளியே நிறுத்தினார்கள் என்றும், வீட்டிலும் ‘சோம்பேறி’ என்ற பட்டம் கிடைத்துவிட்டது என்றும் உன் அம்மா போனில் சொல்லி வருத்தப்பட்டாள். ராத்திரி பன்னிரண்டு மணி வரையில் செல்போனோடு விழித்திருந்து, நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து, ஐந்து மணி டியூஷனுக்குச் சைக்கிள் மிதிக்கிற பிள்ளை பகலில் தூங்காமலிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

உன் வயதுச் சரீரத்துக்கு எட்டு முதல் பத்து மணி நேர நித்திரை அவசியம் என்பது வைத்தியர்களின் முடிவு. உறக்கத்துக்கு முன்னோடியாக மூளையில் சுரக்கிற மெலடோனின், பருவம் எய்தும் காலத்தில் முன்னைவிடத் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. ஆகையால் ஒன்பது மணிக்குப் பாயை விரித்தும் உனக்குக் கண் சொருகவில்லையென்றால் அது திமிரன்று, வயதின் சுபாவம். மேரி கார்ஸ்கடன் என்னும் அமெரிக்க அம்மையார், 1970-களில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில், கோடை விடுமுறைதோறும் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பரிசோதித்தார். வளர வளரத் தூக்கம் குறையும் என்று எல்லோரும் நினைத்திருக்க, வளர்ந்த பிள்ளைகளும் சிறியவர்களைப் போலவே சுமார் ஒன்பது மணி நேரம் தூங்கினார்கள்; பகல் மயக்கமோ வளர்ந்தவர்களிடமே அதிகமாக இருந்தது. கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கலாகாது என்று சட்டமே வந்துவிட்டது.

நம் சீமையிலோ பிள்ளைகளின் விடியற்காலத் தூக்கத்துக்கு வேறொரு சரித்திரம் உண்டு. சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அதிகாலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் தீப்பெட்டி ஆலைகளின் பஸ்கள் வந்து நிற்க, ஏஜெண்டு வீடு வீடாகக் குரல் கொடுக்க, பாதித் தூக்கத்தில் இருந்த குழந்தைகளைத் தாய்மார் தூக்கிவந்து ஏற்றிவிட்ட காலம் அது. நாளெல்லாம் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் அவர்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். சலம் பென்னூர்க்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் அவர்களைப் பற்றியதே; குட்டி ஜப்பான் என்பது சிவகாசிதான். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது; வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2016-இல் வந்த திருத்தம், அத்தகைய தொழில்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர் எவரையும் சேர்க்கலாகாது என்றது. இத்தனை பிரயத்தனப்பட்டு ஆலை பஸ்ஸிடமிருந்து மீட்ட அந்த விடியற்காலத்தை, மதிப்பெண்ணின் பெயரால் நாமே வலியக் கொடுத்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் நம் ஜில்லா வருஷக்கணக்காக முதலிடத்தில் நின்ற பெருமைக்கு நான் விரோதியல்லன். ஆனால், படித்தது ஞாபகத்தில் ஊன்றுவதும் அந்த உறக்கத்தில்தானே!

பகலில் தூங்காதே என்று நான் சொல்லமாட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், மூன்று மணிக்குள், இருபது நிமிஷம் கண்ணயர்வது நல்லதே. பள்ளிவிட்டு வந்து ஆறு மணிக்குப் படுத்து எட்டுக்கு எழுகிறாயாமே, அதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது. மாலை ஐந்து மணிக்குக் குடித்த தேநீரின் வீரியத்தில் ஏறக்குறையப் பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் தங்கியிருக்கும், அதையும் விட்டுவிடு. செல்போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். கோடையில் கான்கிரீட் அறை நள்ளிரவு வரை அனல் கக்கும். அந்திப்பொழுதில் மொட்டைமாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவைத்து, தரை ஆறியதும் கோரைப்பாயை அங்கே விரித்துக்கொள்.

டியூஷனை மாலைக்கு மாற்றும்படி உன் அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். வெயில் ஏறுமுன் மருந்து கலந்து முடித்தாக வேண்டிய பட்டாசுத் தொழிலில் அவர் விடியுமுன் வேன் ஏறுவதற்கு நியாயம் உண்டு. கணக்குப் பாடம் வெயில் பட்டு வெடிக்கப்போவதில்லை. அவர் உடனே சம்மதிக்கமாட்டார். நீ எதிர்வாதம் செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாமா